கீகலா, தெரபிஸ்டா, மெஷினா? ஆண்களின் இடுப்புத்தளப் பிரச்சினைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது

புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு இருமினால் சிறுநீர் கசிகிறதே என்று ஒருவர் தேடினாலும் சரி, விதைப்பைக்குப் பின்னால் மாதக்கணக்கில் வலிக்கிறதே என்று இன்னொருவர் தேடினாலும் சரி, இணையம் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் நீட்டுகிறது: கீகல் பயிற்சி, அதாவது இடுப்புத்தளத் தசையைச் சுருக்கி விடும் பயிற்சி, செய்யுங்கள். முதலாமவருக்கு அது பெரும்பாலும் நல்ல ஆலோசனை. இரண்டாமவருக்கு வலி கூடிப்போகவும் வாய்ப்பு உண்டு.

வீட்டிலேயே பயிற்சி செய்யலாம், பிசியோதெரபிஸ்டிடம் நேரில் போகலாம், பயோஃபீட்பேக், மின்தூண்டல் என்று கருவிகள் பக்கம் போகலாம், மாத்திரை அல்லது அறுவை வரை போகலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பதற்கு முன்னால் பதில் தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உங்கள் தசை தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா? அது தெரியாமல் எந்த வழியில் போனாலும் குருட்டாம்போக்குதான்.

தளர்வா, இறுக்கமா

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டினாற்போல் விரிந்திருக்கும் தசைத் தொகுதிதான் இடுப்புத்தளம். சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்குவது அதுதான். சிறுநீர்க் குழாயையும் ஆசனவாயையும் மூடித் திறப்பதும் அதன் வேலை. விறைப்பின்போது ரத்தம் ஆணுறுப்பை விட்டு வெளியேறாமல் பிடித்து வைப்பதிலும், விந்து வெளியேற்றத்திலும் இதன் முன்பகுதித் தசைகளுக்குப் பங்கு உண்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்கு மட்டும் உள்ள சமாச்சாரம் என்று பலர் நினைக்கக் காரணம், 1948-இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் அர்னால்ட் கீகல் இந்தப் பயிற்சியைப் பிரசவம் ஆன பெண்களுக்காக முன்வைத்ததுதான். தசை என்னவோ இரு பாலாருக்கும் இருக்கிறது.

தளர்ந்த தசையின் அடையாளங்கள்: இருமும்போது, தும்மும்போது, நாற்காலியிலிருந்து எழும்போது கசிவு, காற்றை அடக்க முடியாமை. இதற்கு முதல் காரணம் புராஸ்டேட் புற்றுநோய்க்காகச் செய்யும் அறுவை. புராஸ்டேட்டை முழுதாக அகற்றும்போது சிறுநீர்ப்பை வாயில் வளையம் போல் இறுக்கி மூடும் உள் சுருக்குத்தசையின் உதவியும் பெருமளவு போய்விடுகிறது. அதன் பிறகு கசிவைத் தடுக்கும் பொறுப்பு வெளிச் சுருக்குத்தசையின் தலையில் விழுகிறது. அதுவரை துணைக்கு நின்ற தசை திடீரென்று தனியாளாக வேலை பார்க்க வேண்டும். பயிற்சி கொடுப்பது இதற்காகத்தான்.

இறுகிய தசை வேறு மாதிரி காட்டிக்கொள்ளும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி, ஆணுறுப்பின் நுனியில் எரிச்சல், விதையில் இழுப்பு, வால் எலும்பில் குத்தல், உட்கார்ந்தால் அதிகமாவது, விந்து வெளியேறிய பிறகு மணிக்கணக்கில் வலி. சிறுநீர் வரத் தாமதமாகும், வந்தால் மெல்லிய தாரையாக வரும். மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கும். பரிசோதனைகள் எல்லாம் நார்மல் என்று வரும். 'புராஸ்டேட் அழற்சி' என்ற பெயரில் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்; கிருமியே இல்லாத இடத்தில் அது என்ன செய்யும்? 1999-இல் வெளியான அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவன வகைப்பாடு புராஸ்டேட் அழற்சியை நான்காகப் பிரிக்கிறது. அதில் கிருமி காணப்படாத மூன்றாவது வகைதான், அதாவது நாட்பட்ட இடுப்பு வலி, இந்தப் பெயரோடு வருபவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல். இவர்கள் எல்லோருக்கும் தசைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கணிசமானவர்களுக்கு இடுப்புத்தளத்தைத் தொட்டாலே வலிக்கிறது என்பதைத் தேர்ந்த கைகள் கண்டுபிடித்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இறுகிய தசையும் சோதித்துப் பார்த்தால் பலவீனமாகத்தான் தெரியும். ஏற்கெனவே பாதி சுருங்கி நிற்கும் தசைக்கு மேற்கொண்டு சுருங்க இடம் ஏது? அதைப் பார்த்துவிட்டு 'பலமில்லை, கீகல் செய்யுங்கள்' என்று அனுப்பிவைத்தால், இறுக்கத்தின் மேல் இறுக்கம் ஏறும். எப்போதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டே நடப்பவர்களும், மூச்சை அடக்கி எடை தூக்குபவர்களும் இந்தப் பக்கம் சாய்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

வீட்டில் சொந்தமாகச் செய்வது

வலி எதுவும் இல்லாமல் கசிவு மட்டும்தான் என்றால் இங்கிருந்து தொடங்குவதில் தவறில்லை. ஆனால் சரியான தசையைப் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். 'ஆசனவாயை இறுக்குங்கள்' என்பதுதான் பழைய பாடம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த வார்த்தையைச் சொல்லிச் சுருக்கச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு தசை வேலை செய்வது தெரிந்தது. ஆசனவாயை இறுக்கச் சொன்னால் ஆசனவாயைச் சுற்றியுள்ள தசைதான் அதிகமாக வேலை செய்தது. 'ஆணுறுப்பை உள்ளே இழுத்துக் குட்டையாக்குங்கள்' என்று சொன்னபோதுதான் சிறுநீர்க் குழாயை மூடும் தசை அதிகமாக வேலை செய்தது. கசிவுக்கு வேண்டியது இந்த இரண்டாவது.

கண்ணாடி முன்னால் ஆடையில்லாமல் நின்று பாருங்கள். ஆணுறுப்பின் அடிப்பகுதி லேசாக உள்ளே போக வேண்டும், விதைகள் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். பிட்டம் இறுகக் கூடாது, தொடை சேரக் கூடாது, வயிறு உப்பக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது. சுருக்கிய பிறகு விதைகள் மறுபடி இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். முழுதாக விடுவதும் பயிற்சியில் சேர்த்திதான். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பது தசையை அடையாளம் காண ஓரிரு முறை செய்யலாம். அதையே தினசரிப் பயிற்சியாக வைத்துக்கொண்டால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

அளவு என்று பார்த்தால், ஒரு தடவைக்கு 8 முதல் 12 சுருக்கங்கள், ஒவ்வொன்றும் முடிந்தவரை, அதிகபட்சம் 10 விநாடி, அதே அளவு ஓய்வு. அப்புறம் சில வேகமான சுருக்கங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இதைவிட முக்கியம், இருமுவதற்கும் எழுவதற்கும் சற்று முன்னால் தசையைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம். நாற்காலியில் உட்கார்ந்து நூறு தடவை செய்துவிட்டு, எழும்போது மறந்துவிட்டால் கசியத்தான் செய்யும். அறுவைக்குப் பின் சிறுநீரை வடிக்கும் குழாயான கத்தீட்டர் உள்ளே இருக்கும் நாட்களில் இதைச் செய்ய வேண்டாம் என்பதே வழக்கமான அறிவுரை. அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டு, கத்தீட்டரை எடுத்த பிறகு தொடர்வது நல்லது.

சிறுநீர் கழித்துவிட்டு உள்ளாடையை இழுத்துவிட்ட பிறகு நாலு சொட்டு வருகிறதே, அது வேறு விஷயம். குழாயின் வளைவில் தங்கியதுதான் அது. விதைப்பைக்குப் பின்னால் விரல் நுனிகளை வைத்து மெல்ல அழுத்தி முன்னோக்கித் தள்ளினால் வந்துவிடும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் அமைப்பான நைஸின் (NICE) வழிகாட்டுதலே ஆண்களுக்கு இதைச் சொல்லித்தரச் சொல்கிறது. இதற்காக யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

நேரில் போனால் என்ன நடக்கும்

ஆண்கள் தள்ளிப்போடுவதற்குக் காரணம் கூச்சம். அதனால் இதை விரிவாகவே சொல்லிவிடலாம்.

முதல் சந்திப்பில் பாதிக்கு மேல் பேச்சுதான். எத்தனை தடவை சிறுநீர், எந்த அசைவில் கசிவு, எங்கே வலி, மலம் எப்படி, உடலுறவில் என்ன மாற்றம், என்னென்ன அறுவை. அப்புறம் நிற்கும் நிலை, இடுப்பு மூட்டு, முதுகு, வயிறு, மூச்சு விடும் முறை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதன் பிறகு, நீங்கள் சம்மதித்தால் மட்டும், ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்கவைத்து, கையுறை போட்டு ஜெல் தடவிய ஒரு விரலை ஆசனவாய் வழியாக உள்ளே விட்டுச் சோதிப்பார்கள். 'சுருக்குங்கள்', 'விடுங்கள்', 'லேசாக முக்குங்கள்' என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். கடிகார முள் போல ஒவ்வொரு திசையிலும் அழுத்தி, எந்த இடத்தில் உங்களுக்குப் பழக்கமான அதே வலி எழுகிறது என்று கேட்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இடையில் விறைப்பு வந்தால்? அது உடலின் அனிச்சைச் செயல், அவர்கள் பார்க்காதது அல்ல. துணைக்கு ஒருவரை உடன் வைத்துக்கொள்ளக் கேட்கலாம். உட்சோதனையே வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்போது வெளியிலிருந்து அசைவைப் பார்ப்பது, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் திரையில் காட்டுவது என்று மாற்று வழிகள் இருக்கின்றன.

தளர்வா இறுக்கமா என்ற கேள்விக்கு அந்தச் சில நிமிடங்களில் பதில் கிடைத்துவிடுகிறது. நேரில் போவதன் பெரிய லாபம் அதுதான். அதற்குப் பிறகு எத்தனை தடவை போக வேண்டும் என்பதில்தான் ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன.

2000-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த பெல்ஜிய ஆய்வில், புராஸ்டேட் அகற்றப்பட்ட ஆண்களில் பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்தில் கசிவு நின்றது. பயிற்சி பெறாதவர்களில் 56 சதவீதம். படித்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் 2011-இல் அதே இதழில் பிரிட்டனின் பெரிய ஆய்வு வந்தது. இது அறுவைக்குப் பின் கசிவு இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. ஒரு குழுவுக்குத் தெரபிஸ்டுடன் நான்கு சந்திப்புகள், மற்றதற்கு வழக்கமான கவனிப்பு. ஓராண்டு முடிவில் இன்னும் கசிவு இருந்தவர்கள் முதல் குழுவில் 76 சதவீதம், இரண்டாவதில் 77. வித்தியாசமே இல்லை.

தெரபி வீண் என்று இதற்கு அர்த்தமா? நான் அப்படிப் படிக்கவில்லை. வழக்கமான கவனிப்புக் குழுவிலும் பலர் சொந்தமாகவே பயிற்சி செய்தார்கள். அதோடு இரண்டு ஆய்வுகளும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை: ஒன்று மூன்றாம் மாதம் நல்ல முன்னிலையைக் காட்டுகிறது, மற்றது பன்னிரண்டாம் மாதம் எந்த வித்தியாசத்தையும் காணவில்லை. பெல்ஜிய ஆய்விலும் ஓராண்டில் இடைவெளி 14 புள்ளியாகக் குறைந்துவிட்டது. பெரும்பாலோருக்கு முதல் ஓராண்டுக்குள் கசிவு தானாகவே குறைந்துவரும். நல்ல பயிற்சி அந்த நாளைக் கொஞ்சம் முன்னே இழுத்து வைக்கிறது. வேலைக்குத் திரும்ப வேண்டியவருக்கு அந்தச் சில மாதங்களே பெரிய விஷயம். மற்றபடி கசிவுக்காக வாராவாரம் ஒரு வருடம் தெரபிஸ்டிடம் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு முறை சோதனை, ஓரிரு முறை சரிபார்ப்பு, மிச்சம் வீட்டில். இந்த அளவுக்கு வீடியோ சந்திப்புகூடப் போதும்.

வலிக்காரர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது சுருக்குவதை அல்ல, விடுவதை. வயிறு நிறைய மூச்சிழுக்கும்போது இடுப்புத்தளம் கீழே இறங்குவதை உணர்வது, குத்துக்காலில் ஆழமாக உட்கார்ந்து இடுப்பைத் திறப்பது, மலம் கழிக்கும்போது பாதத்துக்கு அடியில் சின்ன முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்வது. அத்தோடு தெரபிஸ்ட் விரலால் உள்ளேயும், தொடை, வயிறு, பிட்டம் என்று வெளியேயும் இறுகிய முடிச்சுகளை மெல்ல அழுத்தி விடுவிப்பார். இந்தக் கைவேலையை ஆப்பாலும் செய்ய முடியாது, துண்டறிக்கையாலும் செய்ய முடியாது. 2009-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் இடுப்பு வலி உள்ள 47 ஆண்களையும் பெண்களையும் இரண்டாகப் பிரித்தார்கள். இந்த வகைத் தசைச் சிகிச்சை பெற்றவர்களில் 57 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். உடல் முழுதும் பொதுவாக மசாஜ் செய்யப்பட்டவர்களில் 21 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனால் இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக்கைவிட இது நியாயமான தேர்வு என்றே சொல்வேன்.

மெஷின்கள்

பயோஃபீட்பேக் என்றால் தசையின் மின்சமிக்ஞையைத் திரையில் கோடாகக் காட்டுவது. மின்தூண்டல் என்றால் சிறிய மின்னோட்டத்தால் தசையைச் சுருங்கவைப்பது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2011-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, அறுவை முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும் கசிவு நிற்காத 208 ஆண்களிடம் இதைச் சோதித்தது. எட்டு வாரம் பயிற்சியும் பழக்க மாற்றமும் மட்டும் செய்தவர்களுக்குக் கசிவு 55 சதவீதம் குறைந்தது. அதோடு இந்த இரண்டு மெஷினையும் சேர்த்தவர்களுக்கு 51 சதவீதம். எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்கு 24. மெஷினுக்காகக் கூடுதலாகக் கொடுப்பது எதற்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதே ஆய்வில் இன்னொரு நல்ல சேதியும் இருக்கிறது: ஒரு வருடம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட வேண்டியதில்லை.

விதிவிலக்கு இரண்டு. எவ்வளவு சொன்னாலும் தசை எங்கே இருக்கிறது என்றே பிடிபடாதவருக்குத் திரையில் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். அதற்கு ஓரிரு தடவை போதும். மற்றொன்று, முக்கும்போது ஆசனவாய் திறப்பதற்குப் பதில் இறுகிக்கொள்வதால் வரும் மலச்சிக்கல். அதற்கு பயோஃபீட்பேக்தான் முதல் தேர்வு, மலமிளக்கி அல்ல.

உட்கார்ந்தால் போதும், தசை தானாகச் சுருங்கும் என்று விளம்பரப்படுத்தப்படும் காந்த நாற்காலிக்கு ஆண்களிடம் உறுதியான ஆதாரம் குறைவு. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது.

படுக்கையறைப் பிரச்சினைகள்

விறைப்புக் குறைபாட்டுக்குப் பயிற்சியா என்று சிரிப்பவர்கள் உண்டு. பிரிட்டனில் 55 ஆண்களிடம் செய்து 2005-இல் வெளியான ஆய்வில், ஆறு மாத முடிவில் 40 சதவீதம் பேருக்கு இயல்பு நிலை திரும்பியது, 35.5 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், மீதிப் பேருக்குப் பலனில்லை. மாத்திரையோடு சேர்த்தே இதைச் செய்யலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயமே இல்லை. ஆனால் விறைப்புக் குறைபாடு இதய ரத்தக்குழாய் நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்பதால், மருத்துவரைப் பார்க்காமல் பயிற்சியில் மட்டும் இறங்க வேண்டாம். விந்து முந்துதலுக்கும் பலன் தெரிந்த சிறு ஆய்வுகள் இருக்கின்றன. சிறு ஆய்வுகளை மட்டும் வைத்து நான் பெரிதாக வாக்குக் கொடுக்க மாட்டேன்.

தெரபிஸ்டிடம் கேட்க வேண்டியவை

இந்தத் துறையில் பலர் பெண் நோயாளிகளோடு பழகியவர்கள். அதனால் 'ஆண்களை வழக்கமாகப் பார்க்கிறீர்களா?' என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். 'தசை சுருங்குவதை மட்டும் பார்ப்பீர்களா, விடுவதையும் பார்ப்பீர்களா?' என்பது அடுத்த கேள்வி. எதையும் சோதிக்காமல் கீகல் தாளை நீட்டுபவரிடம் இரண்டாம் தடவை போக வேண்டியதில்லை.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, காலில் திடீர் பலவீனம் இவற்றில் எது இருந்தாலும் தெரபிஸ்ட் அப்புறம். முதலில் மருத்துவர், அதுவும் தாமதிக்காமல்.

அறுவை எப்போது

நைஸ் வழிகாட்டுதல், புராஸ்டேட் அறுவைக்குப் பின் வரும் கசிவுக்கு மேற்பார்வையோடு குறைந்தது மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டுத்தான் அடுத்ததை யோசிக்கச் சொல்கிறது. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, பயிற்சி செய்தும் முன்னேற்றமே இல்லை என்றால் ஆறாம் மாதத்திலிருந்தே அறுவை பற்றிப் பேசலாம். கசிவு குறைவாக இருந்தால் சிறுநீர்க் குழாயைத் தாங்கும் வலைப்பட்டை. அதிகமாக இருந்தால் செயற்கைச் சுருக்குத்தசை: குழாயைச் சுற்றி ஒரு காற்றுப்பட்டை மாதிரி, உள்ளே திரவம் நிரம்பியது, விதைப்பைக்குள் ஒரு சிறு குமிழ். குமிழை அழுத்தினால் பட்டை திறக்கும், சில நிமிடங்களில் தானாக மூடிக்கொள்ளும். இதைப் பொருத்திக்கொண்டவர் பிற்பாடு வேறு எந்தக் காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், கத்தீட்டர் போடுவதற்கு முன் பட்டையைத் திறந்த நிலையில் நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சிறுநீர்க் குழாய் சேதமாகும். நினைவில்லாத நிலையில் கொண்டு போனாலும் தெரியும்படி, கருவி பொருத்தியிருப்பதை எழுதிய அட்டை ஒன்றை எப்போதும் பர்ஸிலேயே வைத்திருங்கள்.